நூறு கூர்த் நோட்டில் ஒரு ராஜா

முப்பத்தோரு வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் விரல் சும்மா இருப்பதில்லை. போன வருடம் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பையன் வெளிநாட்டு நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு மேஜை நிறையப் பரப்பியிருந்தான். ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சார், ஆப்பிரிக்க ராஜா நோட்டு. இருநூறு ரூபாய். உங்களுக்காக நூற்றைம்பது."

வாங்கி, பழக்க தோஷத்தில் முதலில் ஓரத்தை நீவிப் பார்த்தேன். நல்ல தாள். நூறு கூர்த் என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் நிமிர்ந்து பார்க்கும் ஒரு கறுப்பு மனிதர். மறுபக்கம் மலையுச்சியில் ஒரு கோட்டை.

"ஆப்பிரிக்கா இல்லை தம்பி. இது ஹைட்டி. கரீபியன் கடலில், கியூபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து நாடு."

"அமெரிக்காவில் ஏது சார் ராஜா?"

கேட்டுவிட்டு அவன் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டான். நான்தான் அந்தக் கேள்வியோடு வீடு வந்து சேர்ந்தேன். ஹைட்டியில் ராஜா இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அடிமைகளாகப் பிறந்தவர்கள் எசமானர்களை விரட்டிவிட்டு, உலகத்திலேயே முதல் கறுப்பர் குடியரசை அமைத்தார்கள் என்று சொல்லப்படும் நாடு அது. அங்கே முதலில் வந்தது குடியரசே அல்ல, சாம்ராஜ்யம் என்பது தெரியாமல் இருந்தது. விடுதலை பெற்ற பத்து மாதத்துக்குள் அங்கே ஒரு சக்கரவர்த்திக்கு முடிசூட்டினார்கள். அவர் போன ஐந்து வருடத்தில் இன்னொருவர் ராஜாவானார். முப்பது வருட இடைவெளிக்குப் பிறகு மூன்றாவதாக ஒருவர் மீண்டும் சக்கரவர்த்தி ஆனார். மூவரில் ஒருவரும் பத்து வருடத்தை நிறைவு செய்யவில்லை.

இது ஹைட்டிக்கு மட்டுமான விநோதம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுபட்டதும் இட்டுர்பிதே என்ற தளபதி 1822 மே மாதம் சக்கரவர்த்தி ஆனார். அடுத்த மார்ச்சில் முடியைத் துறந்தார். பத்தே மாதம். பிரேசிலில் மட்டும் சாம்ராஜ்யம் 1889 வரை ஓடியது. அங்கே ஆண்டது போர்ச்சுகல் அரச குடும்பமேதான். புதிதாகப் பிறந்த தேசத்துக்குப் பழைய கிரீடம் எதற்கு என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அன்று அந்தக் கேள்வி இவ்வளவு சுலபமாக இல்லை.

ஹைட்டிக்கு அப்போது சான் தொமாங் என்று பெயர். பிரான்சின் குடியேற்றங்களிலேயே பணம் கொழித்த இடம். 1789 வாக்கில் ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது. சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்தே. அதை விளைவித்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் அடிமைகள். வெள்ளைக்காரர்கள் நாற்பதாயிரத்துக்குள். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கின. பிறகு பன்னிரண்டு வருடப் போர். தலைவராக எழுந்த தூசான் லூவெர்த்யூரைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1803 ஏப்ரலில், பனி மூடிய ஜூரா மலைக் கோட்டை ஒன்றில் அவர் செத்துப் போனார். அதே வருடம் நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் நெப்போலியனின் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று, கோனாயிவ் என்ற ஊரில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது.

அந்தப் பிரகடனத்தை எழுதும் பொறுப்பு கடைசி நேரத்தில் புவாரோன்-தொனேர் என்ற செயலாளரிடம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. இதை எழுத வெள்ளைக்காரனின் தோல் காகிதமாக வேண்டும், அவன் மண்டையோடு மைக்கூடாக வேண்டும், இரத்தம் மையாக, துப்பாக்கி முனை ஈட்டி பேனாவாக வேண்டும் என்றாராம் அவர். உடனே, "எழுதும் ஆள் இவன்தான்" என்று அவரையே அமர்த்திக்கொண்டாராம் தலைவர். அந்தத் தலைவர்தான் ஜான்-ஜாக் தெசலின், ஹைட்டியின் முதல் சக்கரவர்த்தி.

தெசலின் அடிமையாகப் பிறந்தவர். முதுகில் சவுக்குத் தழும்பு கடைசி வரை இருந்தது. தெசலின் என்பதே அவரை ஒரு காலத்தில் வைத்திருந்த எசமானின் பெயர்தான். அந்த எசமானும் விடுதலை பெற்ற ஒரு கறுப்பர். விடுதலைக்குப் பின் முதல் மாதங்களில், எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் சில ஆயிரம் பேர் தெசலின் ஆணைப்படி கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அவர்களைப் பற்றிப் பேசாமல் அவரை மட்டும் போற்றுவது நேர்மையில்லை. அந்தக் கொலைகளை மட்டும் பேசிவிட்டு அதற்கு முந்தைய நூறு வருடத்தை விட்டுவிடுவதும் அப்படித்தான்.

1804 அக்டோபரில் அவருக்கு முடிசூட்டினார்கள். பாரிஸில் நெப்போலியன் முடிசூடிக்கொண்டது அதே வருடம் டிசம்பர் 2 அன்று. நெப்போலியனைப் பார்த்துக் காப்பியடித்தார் தெசலின் என்று எழுதுபவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நெப்போலியன் சக்கரவர்த்தி ஆகப்போகிறார் என்ற செய்தி மே மாதமே வெளிவந்துவிட்டது உண்மை. அதைக் கேட்டுத்தான் இவருக்கும் ஆசை வந்திருக்கலாம். ஆனால் முடி முதலில் ஏறியது இவர் தலையில்தான்.

எனக்குச் சுவாரசியம் முடியில் இல்லை. 1805 மே மாதத்து அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதன்படி கிரீடம் பரம்பரைச் சொத்து அல்ல, தேர்ந்தெடுத்துத் தரப்படுவது. வெள்ளைக்காரர் எவரும் எசமானாகவோ நில உடைமையாளராகவோ இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்கிறது ஒரு பிரிவு. அடுத்த பிரிவில் விலக்கு: குடியுரிமை பெற்ற வெள்ளைப் பெண்களுக்கும், ஜெர்மானியருக்கும், போலந்துக்காரருக்கும் இது பொருந்தாது. நெப்போலியன் அனுப்பிய படையில் வந்த போலந்துச் சிப்பாய்களில் சிலர், யாரை எதற்காகச் சுடுகிறோம் என்று யோசித்துப் பக்கம் மாறியவர்கள். அதற்கும் அடுத்த பிரிவு, இனி ஹைட்டியர் எல்லோருக்கும் ஒரே பொதுப்பெயர், 'கறுப்பர்' என்கிறது. அதாவது அந்தப் போலந்துக்காரரும் சட்டப்படி கறுப்பர். தோலின் நிறத்தைப் பார்த்துச் சட்டம் எழுதிய உலகத்தில், சட்டத்தைப் பார்த்து நிறத்தை மாற்றிக்கொள் என்றது இந்தச் சாம்ராஜ்யம். எந்தக் குடியரசும் அன்று இப்படி ஒரு வரியை எழுதவில்லை.

பிரபுக்கள் பட்டம் கேட்டு வந்தவர்களிடம், "இங்கே பிரபு நான் ஒருவன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்பார்கள். பட்டம் கிடைக்காதவர்களைவிட, பட்டா கிடைக்காதவர்கள்தான் அவருக்கு எமனானார்கள்.

ஓடிப்போன, செத்துப்போன வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் யாருக்கு? தெற்கில் கலப்பினத்தவர் பலர், அப்பன் வழிச் சொத்து என்று பத்திரம் காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரங்களை எல்லாம் மறுபடி சரிபார்க்கச் சொன்னார் தெசலின். அப்பன் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஏழைக் கறுப்பனுக்கு அப்போது ஒன்றுமே இல்லையா என்று கேட்டதாகச் சொல்வார்கள். வில்லங்கம் பார்க்கத் தொடங்கிய அதிகாரிக்கு என்ன நடக்கும் என்று வங்கியில் அடமானப் பிரிவில் நாலு வருடம் இருந்த எனக்குத் தெரியும். இடமாற்றம் வரும். தெசலினுக்கு 1806 அக்டோபர் 17 அன்று, போர்-டோ-பிரின்ஸுக்கு வெளியே போன் ரூஜ் என்ற பாலத்தருகில், சொந்தத் தளபதிகள் ஏற்பாடு செய்த பதுங்கல் வந்தது. உடலைச் சிதைத்து ஊருக்குள் இழுத்துப் போனார்கள். பித்துப் பிடித்தவள் என்று ஊரார் சொன்ன தெதே பாசில் என்ற பெண்தான் சிதறிய துண்டுகளைச் சாக்கில் சேகரித்துக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வழி செய்தாள். இரண்டு வருட சாம்ராஜ்யம் ஒரு சாக்குப்பைக்குள் முடிந்தது.

இனி என் நோட்டில் இருப்பவர். ஹென்றி கிரிஸ்தோஃப்.

கிரெனடா தீவில் 1767இல் பிறந்தவர் என்பது பரவலான கணக்கு. கப்-பிரான்சே என்ற வடக்குத் துறைமுகத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்தார் என்பார்கள். விடுதியின் பெயர் 'லா குரோன்'. பிரெஞ்சில் கிரீடம் என்று பொருள். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு பெயரை வைத்தால் நாமே அடித்துத் திருத்தியிருப்போம். 1802இல் நெப்போலியனின் படை அந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது, அதன் காவல் தளபதி இவர்தான். ஊரை ஒப்படைக்க மறுத்துத் தீ வைத்தார். முதல் தீ அவருடைய சொந்த வீட்டுக்கு.

தெசலின் கொலைக்குப் பிறகு தளபதிகள் நாட்டை இரண்டாக்கிக்கொண்டார்கள். தெற்கில் அலெக்ஸாந்தர் பெத்தியோனின் குடியரசு. வடக்கில் கிரிஸ்தோஃபின் அரசு. 1811 மார்ச்சில் அது முடியாட்சி ஆனது. ஜூன் 2 அன்று முடிசூட்டு விழா. பெயரை 'ஹென்றி' என்று ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டலில் எழுத ஆரம்பித்தார். பிரான்சின் வாடையே வேண்டாம் என்ற பிடிவாதம்.

பிறகு வந்தார்கள் பிரபுக்கள். நாலு இளவரசர்கள், எட்டு டியூக்குகள், இருபதுக்கு மேல் கவுண்ட்டுகள், அதற்கும் மேல் பாரன்கள். எந்தப் பட்டத்துக்கு எந்த நிறத்தில் அங்கி, எத்தனை இறகு வைத்த தொப்பி என்பது வரை அரசாணை. ஆண்டுதோறும் ராஜ்யப் பஞ்சாங்கம் ஒன்றை அச்சிட்டு அதில் எல்லோர் பெயரையும் வரிசையாகப் போட்டார்கள். இதைப் பார்த்து ஐரோப்பா வயிறு வலிக்கச் சிரித்தது. காரணம், மார்மலாட் டியூக் என்று ஒருவர், லிமொனாட் கவுண்ட் என்று ஒருவர். ரொட்டியில் தடவும் பண்டம் ஒரு பிரபு, எலுமிச்சைச் சாறு இன்னொரு பிரபு என்று கேலி நூறு வருடம் ஓய்ந்தபாடில்லை.

மார்மலாட், லிமொனாட் இரண்டும் ஊர்ப் பெயர்கள். பெயரை வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புளியங்குடிக்காரர் என்றால் நாம் யாரும் ரசத்தை நினைத்துச் சிரிப்பதில்லை. பிரான்சிலேயே பூயோன் டியூக் என்று பழைய பட்டம் ஒன்று உண்டு. பூயோன் என்றால் சூப். அந்த டியூக்கைப் பார்த்து யாரும் கரண்டியைத் தேடவில்லை.

கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த லிமொனாட் கவுண்ட், ராஜாவின் வெளியுறவு அமைச்சர். இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கும் கிளார்க்சனுக்கும் ராஜா சார்பில் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து வராதவர் என்று சொல்லப்படும் ராஜா, ஆசிரியர்களை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார். பள்ளிக்கூடங்கள் திறந்தார். அவற்றின் முறை லங்காஸ்டர் முறை: ஒரே ஆசிரியர், தேறிய மாணவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இங்கிலாந்தில் லங்காஸ்டர் இந்த முறையைப் பரப்புவதற்கு முன்பே, ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றில் அதை நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டுவிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். பெல் அதைப் பிடித்தது எங்கே? உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் தூரத்து உறவு ஒருவன் 1816 வாக்கில் கரீபியன் தீவில் ஒரு கறுப்பு ராஜாவின் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. லங்காஸ்டரா, பெல்லா, யார் முதலில் என்று அவர்கள் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள். திண்ணை வாத்தியாரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

நாணய விஷயத்திலும் கிரிஸ்தோஃபைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கஜானாவில் காசில்லாதபோது நாட்டில் உள்ள சுரைக்குடுக்கைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கி, அவற்றைக் கொடுத்தே காபி வாங்கி, காபியை வெளிநாட்டுக்கு விற்றுப் பொன் சேர்த்தாராம். சுரைக்குடுக்கைக்கு பிரெஞ்சில் கூர்த். அதுவே நாணயத்தின் பெயரானதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பெயின்காரரின் கனத்த வெள்ளிக் காசைக் கரீபியன் வியாபாரிகள் அதற்கு வெகு முன்பே கூர்த் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது, கட்டுரைக்கு உதவும்.

சிரிப்பு இங்கே நிற்கிறது. ராஜாவின் பள்ளி, அரண்மனை, படை, கோட்டை எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கரும்பு, காபி. அதாவது பழைய தோட்டங்கள். அடிமைத்தனம் போய்விட்டது, தோட்டம் போகவில்லை. 1812இல் வெளியான 'ஹென்றி சட்டத் தொகுப்பு' தொழிலாளியின் நாளை மணிக்கணக்கில் வகுத்தது. விடியலில் தொடங்கி எட்டு மணி வரை வேலை, பிறகு காலைச் சாப்பாடு, மறுபடி நண்பகல் வரை, இரண்டு மணியிலிருந்து இருட்டும் வரை. விளைச்சலில் நாலில் ஒரு பங்கு தொழிலாளருக்கு. சவுக்கு இல்லை என்றது சட்டம். நோய் வந்தால் தோட்டக்காரர் செலவில் வைத்தியம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்காதவை இவை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. மேற்பார்வைக்கு ராணுவம். காலையில் மணி அடிக்கும்.

அந்த மணியின் ஓசைதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே தோட்டம், அதே விடியல், அதே மணி. அடிப்பவன் தோல் மட்டும் வேறு. மலைச்சரிவில் ஒரு காணி, நாலு வாழை, ஒரு வள்ளிக்கிழங்குப் பாத்தி, ஒரு பன்றி. இதுதான் விடுதலை என்று அந்தச் சனங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். தெற்கில் பெத்தியோன் 1809 முதலே சிப்பாய்களுக்கு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஏற்றுமதி சரிந்தது, கருவூலம் காய்ந்தது, நாணயத்தில் உலோகம் மெலிந்தது. ஆனால் அவரை 'நல்ல மனசுக்கார அப்பா' என்று சனங்கள் கூப்பிட்டார்கள். வடக்கில் கஜானா நிறைந்தது, சாலை நேராக இருந்தது, திருட்டு இல்லை. ராஜாவை நேசிக்கத்தான் ஆளில்லை. ஒரு காசாளனாக என் மனம் வடக்குப் பக்கம் சாய்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். விவசாயி வீட்டுப் பிள்ளையாக, இரவோடிரவாகத் தெற்கே ஓடியிருப்பேன்.

ராஜாவின் அரண்மனை மிலோ என்ற ஊரில், மலையடிவாரத்தில். 1813இல் முடிந்தது. பெயர் சான்-சூசி, 'கவலையற்றது'. ஜெர்மனியில் பொட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் கட்டிய அரண்மனையின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார் என்று பயணிகள் எழுதினார்கள்; இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சான்-சூசி என்பது ஒரு மனிதனின் பெயரும்கூட. ஜான்-பாப்டிஸ்ட் சான்-சூசி, ஆப்பிரிக்காவில் பிறந்து கடத்தி வரப்பட்டவர், புரட்சிப் படையில் கர்னல். 1802இல் கிரிஸ்தோஃபும் தெசலினும் கொஞ்ச காலம் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டபோது, சேராமல் மலைகளில் நின்று போரை அணையாமல் காத்தவர் இவர். தளபதிகள் பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார்கள். "நேற்று எங்களைச் சுட்டவனுக்கு நாங்கள் ஏன் கீழ்ப்படிய வேண்டும்?" என்ற தொனியில் சான்-சூசி முரண்டு பிடித்தார். பேசித் தீர்க்கலாம் வா என்று கிரிஸ்தோஃப் அழைத்தார். வந்த இடத்தில் ஆட்களை விட்டுக் கொன்றார். இடம், மிலோவுக்கு அருகிலேயே இருந்த கிராண்ட் பிரே தோட்டம்.

கொன்ற இடத்துக்குப் பக்கத்தில், கொல்லப்பட்டவனின் பெயரில் அரண்மனை. மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி ராஜ்யத்தில், வீழ்த்திய எதிரியின் வயிற்றின்மேல் அரண்மனை எழுப்பியதாக ஒரு பழங்கதை உண்டு. அதைத்தான் கிரிஸ்தோஃப் செய்தாரோ என்று ஹைட்டி வரலாற்றாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ராஜா வாய் திறந்து எதுவும் சொல்லி வைக்கவில்லை. எனக்கு இந்த விளக்கம் பொட்ஸ்டாமைவிடப் பொருத்தமாகப் படுகிறது. பிரான்சை விரட்டிய கதையில் கிரிஸ்தோஃபால் எரித்துவிட முடியாத ஒரு பக்கம் இருந்தது. அதன்மேல் கட்டடம் எழுப்பினார்.

அரண்மனைக்கு மேலே, சுமார் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், நோட்டின் பின்பக்கத்துக் கோட்டை: சிட்டாடல். 1805 வாக்கில் தொடங்கி அவர் சாகும் வரை வேலை நடந்தது. கப்பல் முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுவர் நாற்பது மீட்டர் உயரம்; நாலு மீட்டர் வரை கனம். இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் மூன்று முடிகளின் முத்திரையும் பதித்த பீரங்கிகள், அந்தந்தப் படைகளிடமிருந்து பிடித்தவை, மலைமேல் ஏற்றப்பட்டன. எப்படி ஏற்றினார்கள்? ஆட்களை வைத்துத்தான். இருபதாயிரம் பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. தன் படையின் விசுவாசத்தைக் காட்ட, சிப்பாய்களைச் சுவர் விளிம்பைத் தாண்டி நடக்கச் சொல்லி ராஜா ஆணையிட்டார் என்ற கதையை நான் நம்பவில்லை. கொடுங்கோலர்கள் எல்லோர் கோட்டையிலும் யாராவது இப்படி நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய கோட்டை தேவையா, பயித்தியக்காரத்தனம் இல்லையா? 1814இல் நடந்ததைச் சொல்கிறேன். நெப்போலியன் வீழ்ந்து பாரிஸில் பழைய அரச குடும்பம் திரும்பியதும், குடியேற்ற அமைச்சர் மலுவே மூன்று தூதுவர்களை ஹைட்டிக்கு அனுப்பினார். மேலுக்குச் சமாதானப் பேச்சு. அவர்களில் பிராங்கோ தெ மெதினா என்பவர் கிரிஸ்தோஃபின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். அவரிடமிருந்த ரகசியக் குறிப்புகளில் மலுவேயின் திட்டம் தெளிவாக இருந்தது: மேல்தட்டினருக்குச் சில சலுகை, மற்றவர்கள் எல்லோரும் மறுபடி தோட்டத்துக்கு, அடிமைகளாக. ராஜா அந்தக் காகிதங்களை அச்சிட்டு உலகத்துக்கே அனுப்பிவிட்டார். எதிரி இருக்கிறான் என்பதற்கு எழுத்துமூலம் ஆதாரம் கையில் இருந்தவருடைய கோட்டை அது. கிரீடத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். குடியரசு என்றாலே அச்சப்பட்ட அன்றைய ஐரோப்பிய அரசவைகளுக்குப் புரிந்த ஒரே மொழி கிரீடம். அதில் பேசிப் பார்த்தார். பதிலாகச் சிரிப்புதான் வந்தது.

1820 ஆகஸ்ட் 15, மாதா திருநாள். லிமொனாட் ஊர்க் கோயிலில் பூசையின் நடுவில் ராஜாவுக்குப் பக்கவாதம். உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. செய்தி பரவியதும் சான்-மார்க் படைப்பிரிவு கலகம் செய்தது, பிறகு தலைநகர், பிறகு மெய்க்காப்பாளர்களே. ரம்மில் மிளகாய் கலந்து உடம்பெல்லாம் தேய்க்கச் சொல்லி, எழுந்து குதிரை ஏறப் போனார் என்றும், படைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார் என்றும் சொல்வார்கள். அக்டோபர் 8 இரவு அரண்மனையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். தோட்டா வெள்ளியால் ஆனது என்ற கதை பின்னால் சேர்ந்தது. ராணி மரி-லூயிஸும் இரண்டு பெண்களும் கொஞ்சம் ஆட்களுமாக உடலை மலைப்பாதையில் கோட்டைக்குத் தூக்கிப் போய்ச் சுண்ணாம்பில் இட்டார்கள். பத்து நாளில் பட்டத்து இளவரசனையும் கொன்றார்கள். பையனுக்குப் பதினாறு வயது. ராணியும் பெண்களும் இங்கிலாந்து போய், கிளார்க்சன் வீட்டில் கொஞ்ச காலம் தங்கி, கடைசியில் இத்தாலியின் பீசாவில் குடியேறினார்கள். மகள்கள் முன்னால் போனார்கள். ராணி 1851இல் அங்கேயே இறந்தார். 1842 நிலநடுக்கத்தில் சான்-சூசி இடிந்தது. இன்றும் கூரை இல்லாமல் நிற்கிறது. மேலே கோட்டை விழவில்லை.

மூன்றாமவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. ஃபோஸ்தன் சுலூக், 1847இல் குடியரசுத் தலைவர், 1849இல் சக்கரவர்த்தி. அவசரத்தில் முதல் முடி பொன்முலாம் பூசிய அட்டையில் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். 1852இல் அசல் கிரீடத்தோடு இன்னொரு விழா. பக்கத்து நாட்டின்மேல் படையெடுத்துத் தோற்று, 1859 ஜனவரியில் தளபதி ஒருவரால் விரட்டப்பட்டார். பாரிஸ் கேலிச்சித்திரக்காரர்கள் அவரை வரைந்து தள்ளினார்கள். தங்கள் மூன்றாம் நெப்போலியனை நேராக வரைந்தால் சிறை என்பதால் அவருக்குப் பதிலாக இவரை வரைந்தார்கள் என்பதும் உண்டு.

நோட்டுக்கே திரும்புகிறேன். கிரிஸ்தோஃப் செத்த அதே மாதத்தில், பெத்தியோனுக்குப் பின் வந்த புவாயே வடக்கையும் பிடித்து நாட்டை ஒன்றாக்கினார். 1825 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பதினான்கு, போர்-டோ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. கையில் மன்னர் பத்தாம் சார்லஸின் ஆணை: பழைய தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு, அதில் அவர்கள் அடிமைகளும் அடக்கம், 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடுத்தால் விடுதலையை அங்கீகரிப்போம். ஐந்து தவணை. புவாயே கையெழுத்துப் போட்டார். முதல் தவணை மூன்று கோடி கட்டப் பணமில்லை. பாரிஸ் வங்கிக்காரர்களிடமே கடன் வாங்கினார்கள். மூன்று கோடிக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு கோடியே நாற்பது லட்சம்தான் கொடுத்தார்கள். மூன்று கோடியில் ஐந்தில் ஒன்று முன்பிடித்தம். கந்துவட்டிக்காரன்கூட இப்படிப் பிடிக்கக் கொஞ்சம் யோசிப்பான். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அந்தக் கடனை அடைக்க வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய கடன் என்று வால் 1947 வரை நீண்டது.

பதினான்கு கப்பலும் நின்றது தெற்கில், போர்-டோ-பிரின்ஸில். சிட்டாடல் வடக்கில். மலையுச்சியில் அந்தப் பீரங்கிகள், பக்கத்தில் கோபுரம் கோபுரமாக அடுக்கிய குண்டுகள். யாரை நினைத்து அவற்றை அடுக்கினார்களோ அவர்கள்மேல் ஒன்றுகூடச் சுடப்படவில்லை. அடுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்த கண்காட்சியில் அதே பையனிடம் ஐந்நூறு கூர்த் நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் இருப்பவர் பெத்தியோன். ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் ஒழிக்கப் பார்த்த இரண்டு பேர் இப்போது என் ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கம். இருநூற்றைம்பதில் தெசலின் இருக்கிறார், கிடைத்தால் எடுத்து வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"அவரும் ராஜாவா சார்?"

"இல்லை தம்பி. சக்கரவர்த்தி."

"அப்படியென்றால் விலை கொஞ்சம் கூட ஆகும் சார்" என்றான்.